சொந்த வண்டி, அவசர லோடு: இறங்குமுன் ஒரு கணக்கு

“ஒரு குட்டி யானை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வேன். முன்பணத்துக்கு மட்டும் டிரஸ்ட் உதவ வேண்டும்.” நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் இந்த வாசகம் அடிக்கடி காணப்படுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், இப்படி வண்டி எடுத்த ஒரு சகோதரர் ஏழே மாதத்தில் தவணை தவறி வண்டியை இழந்தார். தாயாரின் நகை இன்னும் அடகில் இருக்கிறது. அவர் சோம்பேறி அல்லர். இரவு பகலாக ஓட்டியவர். தவறியது உழைப்பு அல்ல, கணக்கு.

அவசர லோடு என்றால் என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல், ஷூ தொழிற்சாலைகள் நிறைய உள்ளன. கப்பலுக்கான கடைசி நேரம் நெருங்கும்போது விடுபட்ட பெட்டிகளைச் சென்னைத் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு வியாபாரிக்கான மாதிரிகளை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நின்றுபோன இயந்திரத்துக்கு உதிரி பாகம் அன்றே வந்தாக வேண்டும். லாரி புக்கிங் ஆபீஸில் போட்டால் மற்ற சரக்குகளோடு சேர்ந்து மெதுவாகப் போகும். முழு வண்டி பிடித்தால் நேராகப் போய்ச் சேரும். அந்த நேரத்துக்குத்தான் கூடுதல் வாடகை. ஆனால் திரும்பும்போது வண்டி பெரும்பாலும் காலியாக வரும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நடையின் கணக்கு

ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் போய்வர 375 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் உதாரணத்துக்காக. உங்கள் வண்டிக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகை 6,000 ரூபாய். டீசல் 2,350, டோல் 800, சாப்பாடும் ஏற்றுகூலி இறக்குகூலியும் 350. கையில் மிச்சம் 2,500. பலர் இதையே வருமானம் என்று வீட்டில் கொடுத்துவிடுகிறார்கள்.

டயர், ஆயில், சர்வீஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 560 எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. ஆகியவற்றுக்கு 250. மாதத் தவணை 12,000, மாதம் 12 நடை என்றால் நடைக்கு 1,000. இவை போக வீட்டுக்கு உரியது 690 ரூபாய் மட்டுமே. திரும்பும்போது 2,000 ரூபாய்க்கு ஒரு ரிட்டன் லோடு கிடைத்தால் அதுவே ஏறத்தாழ 2,700 ஆகும். ஆகவே வண்டி வாங்குமுன் சென்னையில் ரிட்டன் லோடு தரக்கூடிய இரண்டு மூன்று இடங்களையாவது பேசி வையுங்கள். வண்டிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள்.

காகிதங்கள்

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பின்படி, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

பழைய வண்டி என்றால் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருக்கிறதா, கட்டாத அபராதம் உண்டா என்று பாருங்கள். பைனான்ஸ் இருந்தால், என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், அந்த வண்டி எண்ணை இ-வே பில்லில் பதிந்த பிறகே புறப்பட வேண்டும். வண்டியின் இன்சூரன்ஸ் உள்ளே இருக்கும் சரக்குக்குப் பொருந்தாது. சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஏற்றுமுன் கேளுங்கள்.

வாக்கும் தூக்கமும்

லோடு ஏற்றும் நேரம், இறக்கும் இடத்தில் யார் இருப்பார், காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு என்பதை முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். முடியாத நேரத்தைச் சொல்லி லோடு பிடிக்காதீர்கள். ஒருமுறை வாக்குத் தவறினால் அந்தக் கம்பெனி அடுத்த முறை உங்களை அழைக்காது. பகலெல்லாம் ஓட்டிவிட்டு இரவு லோடு வந்தால், மறுக்கவும் துணிவு வேண்டும். தூக்கத்தில் போகும் உயிருக்கு எந்த வாடகையும் ஈடாகாது.

முடிந்தால் முதல் மூன்று மாதம் வேறொருவரின் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். யார் லோடு தருகிறார், யார் பணத்தை இழுத்தடிக்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு, மேலே சொன்ன கணக்கை உங்கள் கையால் எழுதிய தாளோடு அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.