"டொக்" என்றொரு சத்தம்



மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்லும் உங்களில் பலர் இதைக் கவனித்திருக்கலாம். குழியில் விழுந்து எழும்போதும், முன் பிரேக்கைப் பிடிக்கும்போதும் முன்பக்கத்திலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம் வரும். ஓட்டுபவர் அதற்குப் பழகிப்போயிருப்பார். பின்னால் இருப்பவரின் காதில்தான் அது முதலில் விழும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அக்குறணையிலிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில், "அது என்ன சத்தம்?" என்று மனைவி கேட்டார். "பாதை சரியில்லை" என்றேன். பாதை நன்றாகவே இருந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் கழுத்துப் போன்ற ஒரு குழாய் உண்டு. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கிண்ணம் போன்ற இரும்பு வளையங்களும், அவற்றுள் சிறு சிறு குண்டுகளும் இருக்கின்றன. ஹேண்டில் இலகுவாகத் திரும்புவது இவற்றின் மீதுதான். கராஜ்களில் இதைக் 'கோன் செட்' என்பார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் குண்டுகள் எப்போதும் ஒரே இடத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியும் அந்த இடத்திலேயே விழுந்து, நாளடைவில் கிண்ணத்தில் பொட்டுப் பொட்டாகப் பள்ளம் விழுந்துவிடும். கிறீஸ் காய்ந்தாலோ, உள்ளே தண்ணீர் போனாலோ சேதம் இன்னும் விரைவாகும். மழை கடுத்தால் வெள்ளம் ஏறும் எங்கள் அக்குறணைக் கடைத்தெருவை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி வண்டி கழுவும்போதும் இதே கதிதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகளைத் தூரமாக நிறுத்திவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தால் முன்சில்லு நிலத்திலிருந்து எழும்பும். மற்றவர் ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்ப வேண்டும். நேராக வரும் இடத்தில் ஏதோ குழிக்குள் விழுந்தது போல் அது சிக்கிக்கொண்டால் கிண்ணம் தேய்ந்துவிட்டது. பிறகு முன்சில்லைத் தாங்கும் இரு கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த "டொக்" அதுதான்.

இது வெறும் சத்தம்தானே என்று நினைக்க வேண்டாம். ஆட்டமுள்ள கழுத்தோடு வேகமாகப் போனால் ஹேண்டில் நடுங்கத் தொடங்கலாம். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி சொல்வழி கேளாது. அதில் நமது பிள்ளையும் இருக்கிறது.

நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வண்டியை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். மெக்கானிக் தம்பியிடம் போனபோது, "மௌலவி, மேல் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டா சத்தம் போயிரும், வாங்குறவருக்கு விளங்காது" என்றார். இறுக்கினால் ஆட்டம் மறையும் என்பது உண்மை. ஆனால் பள்ளம் அப்படியே இருக்கும். ஹேண்டிலும் விறைத்துப்போய், மெதுவாகப் போகையில் வண்டி இடமும் வலமுமாக அலையும். அப்படியே இறுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரவு மனைவி ஒன்றுதான் கேட்டார்: "வாங்க வாறவர்ட்ட இதச் சொல்லுவீங்களா?"

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதையும், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமிலிருந்து மாணவர்களுக்கு எத்தனையோ முறை ஓதிக் கொடுத்தவன் நான். என் குவியலின் ஈரம் ஹேண்டிலுக்கடியில் இருந்தது.

மறுநாளே கோன் செட்டை மாற்றச் சொன்னேன். சாமான் பெரிய விலையில்லை. முன்சில்லு, மட்கார்ட், ஹேண்டில், முன்கால்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருப்பதால் கூலிதான் கூட. குண்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பள்ளம் விழுந்த கிண்ணத்தில் புதுக் குண்டு போட்டும் பயனில்லை. முழு செட்டையும் மாற்ற வேண்டும்.

இதில் மனைவிக்கும் ஒரு வேலை கிடைத்தது. புதுக் கிண்ணங்களைப் பொலித்தீனில் சுற்றி ஓரிரவு பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்திருக்குமாறு அந்தத் தம்பி கேட்டிருந்தார். குளிரில் இரும்பு மிக நுண்ணிய அளவு சுருங்குவதால் குழாய்க்குள் இலகுவாக இறங்குமாம். சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் கோன் செட்! பழைய கிண்ணங்களைத் தட்டிக் கழற்றி, புதியவற்றைச் சாயாமல் நேராக இறக்கி, நிறையக் கிறீஸ் பூசினார். குண்டுகள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்ததும் அந்தக் கிறீஸில்தான். அவற்றின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். ஒன்று குறைந்தாலும் கூடாது என்றார்.

இறுக்குவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. முதலில் சற்று இறுக்கி, ஹேண்டிலைப் பல தடவை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, பின் தளர்த்தி அளவாக்கினார். முன்சில்லு உயர்ந்திருக்கும்போது லேசாகத் தட்டினால் ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் சாய வேண்டும். ஆட்டமும் இருக்கக் கூடாது. புதுக் கிண்ணங்கள் ஓட்டத்தில் நன்றாகப் படிந்துகொள்வதால், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

வண்டி வாங்க வந்தவர் ஓர் இளம் ஆசிரியர். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். மாற்றிய விடயத்தைச் சொல்லி, கழற்றிய பழைய கிண்ணங்களையும் காட்டினேன். அந்தச் சகோதரி ஒன்றைக் கையிலெடுத்து, பள்ளங்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "திரும்பக் காட்டச் சொன்னது எப்போ?" என்று கேட்டார். கிலோமீற்றர் கணக்கை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.