அலோன் வேறு, லோன்லி வேறு

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘தனியாக வாழும் மூதாட்டி’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ‘லோன்லி ஓல்டு உமன்’ என்றுதான் வரும். அப்படித் தள்ளிவிடுவது இலக்கணம்தான். ‘அலோன்’ என்ற சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்காது. உடனே கை பக்கத்துச் சொல்லை எடுத்துவிடுகிறது. தன் சமையல், தன் கோயில் என்று நிம்மதியாக இருந்த பாட்டி, ஆளுக்கு ஏங்கித் தவிக்கிறவளாக மாறிப்போகிறாள். ‘ஆன் ஓல்டு உமன் லிவிங் அலோன்’ என்று எழுதியிருந்தால் அவளுக்கு அந்த அநியாயம் நேர்ந்திருக்காது.

‘ஆல்’, ‘ஒன்’ என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது ‘அலோன்’. கூட யாரும் இல்லை, அவ்வளவுதான். அதன் முதலெழுத்து உதிர்ந்து ‘லோன்’ ஆனது, அதிலிருந்து ‘லோன்லி’ வந்தது. ‘லோன்லி’ மனசின் குறை. ஆள் நடமாட்டமில்லாத சாலையையும் ‘லோன்லி ரோடு’ என்பார்கள். அது வேறு கணக்கு. ‘லோன்சம்’ அமெரிக்கர்களின் பாட்டில் அதிகம் கேட்கும், நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

‘சாலிட்யூட்’ என்பது நாமே தேடிப்போகும் ஏகாந்தம். ஓர் எழுத்தாளர் குளக்கரைக் குடிசையில் இரண்டு வருடம் சொச்சம் வாழ்ந்த அனுபவத்தைச் சொல்லும் ‘வால்டன்’ என்ற நூல் 1854ல் வெளிவந்தது. அதில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே ‘சாலிட்யூட்’தான். அதே லத்தீன் வேரிலிருந்து வந்த ‘சாலிட்டரி’யோ சிறைக்குள் போய்விட்டது. ‘சாலிட்டரி கன்ஃபைன்மென்ட்’ மொத்தத்தில் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்றது 1860ன் இந்தியத் தண்டனைச் சட்டம்.

ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பரீட்சை மதிப்பெண்ணுக்காக நான் இதைச் சொல்லவில்லை. என் கவலை நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியது.

“தனியாவா இருக்கீங்க?” என்று டாக்டர் கேட்கிறார். “இல்லைங்க, மகன், மருமக, பேரன் எல்லாரும் கூடத்தான் இருக்காங்க” என்கிறார் பெரியவர். கேள்வி ‘அலோன்’ பற்றியது, பதிலும் உண்மை. ஆனால் காலையிலிருந்து “சாப்பிட்டீங்களா” என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவரிடம் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த ‘லோன்லி’யைக் கேள்வி தொடவே இல்லை. ‘தனிமை’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் நாம் போட்டு வைத்திருப்பதால், நிறைந்த வீட்டில் இருக்கிறவர் தன் குறையைச் சொல்ல வாயெடுத்தாலே “உங்களுக்கென்ன குறைச்சல்” என்று அடக்கிவிடுகிறோம்.

பிரிட்டன் 2018லும் ஜப்பான் 2021லும் இந்தக் குறைக்கென்றே அமைச்சர் பொறுப்பை உருவாக்கின. 2004ல் ஆய்வாளர்கள் மூன்றே கேள்விகளில் இதை அளக்க வழி செய்தார்கள். துணை இல்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை முறை தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாக எத்தனை முறை தோன்றுகிறது? மூன்றிலும் ‘லோன்லி’ என்ற சொல்லே கிடையாது. ஆங்கிலம் பேசுகிறவர்களே அந்தச் சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொள்ளத் தயங்குகிறார்கள்; நம் பெரியவர்கள் எப்படி வாய்விட்டுச் சொல்வார்கள்?

அப்பாவையோ அம்மாவையோ அடுத்த முறை டாக்டரிடம் அழைத்துப்போகும்போது, பத்து நிமிடம் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். “மனசுவிட்டுப் பேச ஆள் இருக்கா?” என்று அவர்களிடம் கேட்கும்படி டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.