மின்கலம் மாற்றியபின் நின்ற கைக்கடிகாரம்

புதிய மின்கலம் இட்டபின்னும் கைக்கடிகாரம் ஓடாதாயின், பொறி பழுதாயிற்றெனக் கருதி அதனைக் கழித்துவிடுதல் பலர் வழக்கு. காரணம் ஆராயாது தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

1969 ஆம் ஆண்டு யப்பானிய செய்க்கோ நிறுவனம் குவாட்சுக் கைக்கடிகாரத்தை முதன்முதல் விற்பனைக்கு விட்டது. அவ்வழிவந்த இன்றைய கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில், மின்கலத்தின் வலுவால் சிறு பளிங்கொன்று செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது. மின்சுற்று அவ்வதிர்வுகளை எண்ணிச் செக்கனுக்கொரு துடிப்பாக்கிக் கம்பிச்சுருளுக்கு அனுப்ப, நுண்ணிய மோட்டர் முள்ளை நகர்த்துகின்றது. ஆகவே மின்கலம் முதல் முள் ஈறாக எவ்விடத்தில் தடை நேர்ந்ததென முறையே நோக்குதல் வேண்டும்.

முதலில் எளியவற்றை ஆராய்க. நேரந் திருத்தும் குமிழ் வெளியே இழுபட்டிருக்கலாம். மின்கலத்தின் முனைகள் மாறியிருக்கலாம். தொடுதகடு வளைந்து கலத்தைத் தொடாதிருக்கலாம். புதியதென வாங்கிய கலமே கடையில் நெடுநாட் கிடந்து வலுவிழந்ததாகலாம். நல்ல வெள்ளி ஒட்சைட்டுக் கலம் ஏறத்தாழ 1.55 வோற்று காட்டும். இலக்கங்காட்டும் கடிகாரங்கள் சிலவற்றில், அதற்கென அமைந்த புள்ளியைக் கலத்தின் நேர்முனையோடு சாவணத்தாற் கணநேரம் இணைத்தாலன்றி மின்சுற்றுத் தொழிற்படாது.

இவை யாவும் சீராயிருப்பின், சுருளை ஐயுறுக. மயிரினும் மெல்லிய அதன் கம்பி, கலத்தைக் கிளப்புங் கருவி சற்றே வழுவினும் அறுந்துவிடும். அப்போதும் கடிகாரத்தை எறிதல் வேண்டா. பொருத்தமான உட்பொறி கிடைப்பின் அதனை மாத்திரம் மாற்றுவிக்கலாம்; தந்தை அணிந்த கூடும் முகப்பும் மைந்தன் கையில் நிலைக்கும்.