எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் 'முளைப்புத்திறன்' பார்ப்பது எப்படி?

விருதுநகரில் இருந்து சிவகாசி செல்லும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். காலையில் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்கள் ஒரு பக்கம். மழையை எதிர்பார்த்து உழுது போட்ட கரிசல் நிலம் மறுபக்கம். புரட்டாசிப் பட்டத்துக்கு முன்பு, உளுந்து விதைநேர்த்தி பற்றிப் பயிற்சி கொடுக்க அங்கே போயிருந்தேன்.

வழக்கம்போல விதைப் பையில் இருந்து ஆரம்பித்தேன். "பையில் அச்சடித்திருக்கும் காய் படத்தைப் பார்த்து விதை வாங்காதீர்கள். பையோடு சேர்த்துத் தைத்திருக்கும் சான்று அட்டையைப் பாருங்கள். உளுந்துக்கு முளைப்புத்திறன் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பரிசோதனை செய்த தேதியையும் காலாவதி தேதியையும் பாருங்கள்" என்றேன்.

பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தன் செல்போனை நீட்டினார். எங்கோ வெளி மாவட்டத்து எம்.பி. ஒருவர் விவசாயிகளுக்காக ஆவேசமாகப் பேசும் வீடியோ.

"சார், விதைக்கு அட்டை இருக்கு, சரி. இவருக்கு அட்டை எங்க இருக்கு? விவசாயிக்காக உயிரைக் கொடுப்பேங்கிறாரு. சட்டம் வந்தப்போ கையை எந்தப் பக்கம் தூக்குனாரு? அதை எங்க போய்ப் பாக்குறது?" என்றார்.

"தெரியலையே, அண்ணாச்சி. பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பயிருக்கு வரும் நோயைப் பற்றி 20 ஆண்டுகளாகப் பேசுகிறோம். பயிரின் விலையை முடிவு செய்யும் இடத்தில் நம் பிரதிநிதி என்ன செய்தார் என்று பார்க்கும் வழியைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருக்குத் தேடிப் பார்த்த பதில்தான் இந்தக் கட்டுரை.

பெயர் பதிவாகாத ஓட்டு

மூன்று வேளாண் சட்டங்களையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 5ல் அவசரச் சட்டங்களாக வந்தன. வேளாண் விளைபொருள் வணிகம், ஒப்பந்தப் பண்ணையம் ஆகிய இரண்டு மசோதாக்களும் செப்டம்பர் 17ல் மக்களவையிலும், செப்டம்பர் 20ல் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின.

குரல் வாக்கெடுப்பு என்றால், ஆதரிப்போர் 'ஆம்' என்றும் எதிர்ப்போர் 'இல்லை' என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தக் குரல் அதிகம் என்பதை அவைத் தலைவர் அறிவிப்பார். எத்தனை பேர், யார் யார் என்ற கணக்கு கிடையாது. முடிவை ஏற்காத உறுப்பினர், 'டிவிஷன்' என்னும் எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பைக் கேட்கலாம். பொத்தானை அழுத்தியோ, சீட்டு மூலமோ பதிவாகும் அந்த வாக்கெடுப்பில்தான் ஒவ்வொருவரின் பெயரும் ஓட்டும் அவைக்குறிப்பில் ஏறும்.

2020 செப்டம்பர் 20ல் மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை, அவையில் ஒழுங்கும் இல்லை என்றது அவைத் தலைமை. இருக்கையில் இருந்தபடியேதான் கேட்டோம் என்றனர் எதிர்க்கட்சியினர். பெரும் அமளிக்கு நடுவில் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் 8 உறுப்பினர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர். நாட்டின் விவசாயிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்த சட்டத்துக்கு, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்ற பெயர்ப் பட்டியல் அன்று உருவாகவே இல்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அ.தி.மு.க. அந்த மசோதாக்களை ஆதரித்தது. மக்களவையில் அக்கட்சியின் ஒரே உறுப்பினர் ஆதரித்துப் பேசினார். மாநிலங்களவையில் அதே கட்சியின் எஸ்.ஆர்.பாலசுப்ரமணியன் கடுமையாக விமர்சித்துப் பேசினார். அவருடைய பேச்சு அவைக்குறிப்பில் இருக்கிறது. ஓட்டு எது என்பதற்குப் பதிவு இல்லை. டிவிஷன் நடந்திருந்தால் அதற்கும் அட்டை கிடைத்திருக்கும்.

2013ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தபோது மக்களவையில் டிவிஷன் நடந்தது. ஆதரவு 216, எதிர்ப்பு 19. அன்று ஓட்டுப் போட்டவர்கள் 'நான் அப்படிச் செய்யவில்லை' என்று பின்னால் சொல்ல முடியாது.

பேச்சு வேறு, சட்ட வாசகம் வேறு

சமூக வலைதளப் பதிவு பொய் என்று சொல்ல வரவில்லை. அது எப்போது வந்தது, அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்தார் என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

பஞ்சாபின் அகாலி தளம், அவசரச் சட்டங்கள் வந்த ஜூனில் மத்திய அமைச்சரவையில் இருந்தது; செப்டம்பர் தொடக்கம் வரை அவற்றை ஆதரித்துப் பேசியது. பஞ்சாப் கிராமங்களில் எதிர்ப்பு முற்றியதும் நிலைப்பாடு மாறியது. செப்டம்பர் 17ல் அமைச்சர் ஹர்சிம்ரத் கவுர் பாதல் பதவி விலகினார். அந்தச் செய்தியை அவர் ட்விட்டரில் வெளியிட்டார். அதை மட்டும் படித்தவருக்கு முதல் மூன்று மாதக் கதை தெரியாது. அதே நேரம், விவசாயிகளின் எதிர்ப்பு ஒரு கட்சியின் நிலையை மாற்றும் என்பதற்கும் அதுவே சாட்சி.

காங்கிரஸ் அந்தச் சட்டங்களை எதிர்த்தது. ஆனால் 2019 மக்களவைத் தேர்தல் அறிக்கையில், வேளாண் விளைபொருள் சந்தைக் குழுச் சட்டத்தை நீக்கி வணிகத்தைத் தடையின்றி நடக்கச் செய்வோம் என்று அதே கட்சி எழுதியிருந்தது. பா.ஜ. அதைத்தான் எடுத்துக் காட்டியது.

குறைந்தபட்ச ஆதரவு விலை தொடரும், அரசுக் கொள்முதல் தொடரும் என்று மத்திய அரசு மேடையிலும் வலைதளத்திலும் பலமுறை உறுதி சொன்னது. சட்ட வாசகத்தில் அந்த உறுதி இல்லை. "சொல்வதைச் சட்டத்தில் எழுதுங்கள்" என்பது டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்த விவசாயிகளின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 2021 நவம்பர் 29ல் மூன்று சட்டங்களும் இரு அவைகளிலும் ரத்து செய்யப்பட்டன. அன்றும் விவாதம் இல்லை. அதுவும் குரல் வாக்கெடுப்புதான்.

நம் சட்டசபையில்...

டில்லியை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2023 ஏப்ரல் 21ல், கூட்டத்தொடரின் கடைசி நாளில், தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்ட மசோதா விவாதம் இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்துக்குள் ஓடை, வாய்க்கால், குளம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லும் சட்டம் அது. நீர்நிலை காக்கப்படும் என்பது அரசின் விளக்கம். கண்மாய்க்கு வரும் நீர்வரத்து பாதிக்கப்படும் என்பது எதிர்ப்பவர்களின் அச்சம். எது சரி என்று சபையில் பேசிப் பார்த்திருக்க வேண்டும். கண்மாயை நம்பி இருக்கும் ஆமத்தூர் போன்ற ஊர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? தன் தொகுதிக் கண்மாய்க்காக வலைதளத்தில் பதிவு போடும் உறுப்பினரிடம், "அன்று சபையில் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வெளிநடப்பையும் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று வேளாண் சட்டங்களை ரத்து செய்யக் கோரி 2021 ஆகஸ்ட் 28ல் சட்டசபையில் தீர்மானம் வந்தபோது அ.தி.மு.க., பா.ஜ. உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தனர். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டல மசோதா வந்தபோது, தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரி தி.மு.க. வெளிநடப்பு செய்தது. வெளிநடப்பு என்பது எதிர்ப்பின் அடையாளம். அது எதிர் ஓட்டு ஆகாது. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு நினைவிருக்கும்: 122க்கு 11. சபையில் இல்லாதவர்கள் அந்த எண்களில் எந்தப் பக்கமும் சேரவில்லை.

ஓட்டெடுப்பே இல்லாத முடிவுகள்

விவசாயியைப் பாதிக்கும் முடிவுகளில் பல, ஓட்டெடுப்புக்கே வருவதில்லை. 2021 பட்ஜெட்டில் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. 2025 ஆகஸ்ட் 19 முதல் அந்த வரி விலக்கப்பட்டு, பிறகு அந்த விலக்கு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. நிதி அமைச்சகத்தின் அறிவிக்கை ஒன்றில் முடிந்த வேலை இது. கரிசலில் மானாவாரிப் பருத்தி விதைக்கும் புரட்டாசி, ஐப்பசி அந்தக் காலத்துக்குள்தான் வந்தது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணி இறக்குமதிக்கு வரி நீக்கப்பட்டதும் இப்படித்தான். பருப்பு வணிகத்துக்குப் பேர்போன விருதுநகர் மார்க்கெட்டுக்கு அதன் தாக்கம் தெரியும்.

இதே மாவட்டத்தில் ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பஞ்சு மலிவாக வேண்டும். நமக்கு விலை வேண்டும். இரண்டும் நியாயம்தான். நம் பிரதிநிதி எந்தப் பக்கம், ஏன் என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். ஓட்டு இல்லாத இத்தகைய விஷயத்தில் அவர் கேட்ட கேள்விதான் அட்டை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளும், எழுத்தில் பதில் தரும் 230 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பஞ்சு வரி பற்றி அவர் ஒன்றாவது கேட்டாரா என்று பார்க்கலாம்.

எங்கே பார்ப்பது?

1. மசோதாவின் பெயர், அது நிறைவேறிய தேதி இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாமல் தேட முடியாது.

2. நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் விவாதம், கேள்வி இரண்டையும் உறுப்பினர் பெயர் வாரியாகத் தேடலாம். டிவிஷன் நடந்திருந்தால் பெயர்ப் பட்டியல் அன்றைய அவைக்குறிப்பில் இருக்கும்.

3. 'பி.ஆர்.எஸ்.' என்ற ஆய்வு அமைப்பின் இணையதளத்தில் ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, கேள்வி, விவாதக் கணக்கு இருக்கிறது. அமைச்சர்களுக்கும் சபாநாயகருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், கேள்வியைத் திறந்து படியுங்கள். நூறு கேள்வியில் நம் பயிருக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

4. சட்டசபைக்கு, பேரவை இணையதளத்தில் மசோதாக்களைப் படிக்கலாம். கிடைக்காத அவைக்குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

5. வலைதளப் பதிவைத் தேதியோடு சேமித்து வையுங்கள். பதிவுகள் அழிக்கப்படலாம், அவைக்குறிப்பு அப்படி அழியாது.

இந்த வேலையை வேளாண் அலுவலர்கள் செய்ய முடியாது. அது அரசியல் ஆகிவிடும். உழவர் உற்பத்தியாளர் குழுவில் இருக்கும் படித்த இளைஞர் ஒருவர் செய்யலாம். மாதம் ஒரு மணி நேரம் போதும்.

கொறடாவையும் கணக்கில் எடுங்கள்

ஓர் உறுப்பினரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி பறிபோகலாம். அதனால் ஓட்டு பெரும்பாலும் கட்சியுடையது. ஆனால் பேச்சு, கேள்வி, திருத்தம் கொடுப்பது, டிவிஷன் கேட்பது ஆகியவை அவர் கையில் இருக்கின்றன. ஓட்டுக்குக் கட்சியைக் கேளுங்கள். மற்றவற்றுக்கு அவரைக் கேளுங்கள்.

மசோதா நிறைவேறிய பிறகு கேட்பது, பூ உதிர்ந்த பின் மருந்து அடிப்பது போலத்தான். மசோதா வருகிறது என்று தெரிந்ததுமே கடிதம் போட வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகளில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். அதில் மூன்று வரி போதும்: இந்த மசோதாவில் உங்கள் நிலை என்ன? சபையில் பேசுவீர்களா? பெயரோடு ஓட்டெடுப்பு கேட்பீர்களா?

விதை, உரம், கூலி என்று செலவு எழுதும் நோட்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, மசோதா, வெளியே சொன்னது, சபையில் செய்தது. பதிவு கிடைக்காத கட்டத்தில் 'பதிவு இல்லை' என்றே எழுதுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

- கட்டுரையாளர்: உழவியல் விஞ்ஞானி