லோடு வண்டிக்கு பெரிய டயரா? மலைப்பாதையில் உயிருக்கே உலை!

கொடைக்கானல் மலையில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் மூட்டைகளோடு தினமும் கீழே இறங்கும் பிக்-அப் வண்டிகள் ஏராளம். பெரும்பாலும் கடனில் வாங்கிய வண்டிகள். நாலு நடை சேர்த்து அடித்தால்தான் மாதத்தவணை கட்ட முடியும்.

இதனால் சிலர் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டையை கூட்டி வண்டியை தூக்குகிறார்கள். அதோடு, "அண்ணே, நல்லா பெருசா, எடுப்பா இருக்கிற டயரா போடுங்க" என்று டயர் கடையில் கேட்கிறார்கள். வண்டி பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

உசரம் கூடினால்...

வண்டி உயர்ந்தால் சுமையும் உயரே போகும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாக சாயும். சுமை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கவிழும்.

டயர் பெரிதானால் பிரேக்குக்கும் வேலை கூடும். இறக்கத்தில் அதே பிரேக் அதிக சூடாகும். வண்டி நிற்க கூடுதல் தூரம் எடுக்கும்.

நம்பர் சொல்லும் ரகசியம்

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 215 மில்லி மீட்டர். அந்த அகலத்தில் 75 சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம். 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின் அளவு, அங்குலத்தில்.

இதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் டயரின் மொத்த உயரம் 3 செ.மீ. கூடும். ஆனால் வண்டி உயர்வது ஒன்றரை செ.மீ. மட்டும்தான்! மீட்டரில் 60 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

எடை நம்பர் முக்கியம்

அளவுக்கு அடுத்து வரும் நம்பர்தான் உயிர்நாடி. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ.

சரக்கோடு 2,900 கிலோ வரும் வண்டிக்கு 88 நம்பர் டயர் நாலு போட்டால் 2,240 கிலோதான் தாங்கும். பின் டயர்களுக்கு பாரம் இன்னும் அதிகம். அளவு பொருந்துகிறதே என்று கார் டயரை மாட்டினால் வெடிப்பது நிச்சயம். லோடு வண்டிக்கு 'எல்.டி.' என்று போட்ட டயர்தான் சரி.

வெளியே துருத்தி நிற்கும் டிஸ்க்கும் வேண்டாம். வீல் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் உஷார்

பழைய டயர் வாங்குபவர்கள், பக்கவாட்டில் உள்ள கடைசி 4 எண்களை பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயர் வேண்டவே வேண்டாம்.

பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்கு கீழே போகக்கூடாது என்பது சட்டம். பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்கு தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும்.

காற்றை காலையில் வண்டி எடுக்கும் முன்பே, டயர் சூடேறுவதற்குள் பார்ப்பது நல்லது. சரியான அளவு பெரும்பாலும் டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும்.

சட்டமும் விடாது

கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அனுமதியில்லாமல் மாற்றினால், மோட்டார் வாகன சட்டம் 182-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

கம்பெனி சொன்ன அளவு, தாங்கும் எடை, தயாரான வருஷம். இந்த மூன்றையும் பார்த்து வாங்கினால் போதும். எடுப்பான டயரைவிட, டிரைவர் பத்திரமாக வீடு திரும்புவதுதான் குடும்பத்துக்கு முக்கியம்!