ரப்பர் மெத்தென்றிருந்தால் பந்து ஏன் பாய்கிறது?

1952இல் பம்பாயில் நடந்த உலக டேபிள் டென்னிஸ் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சதோ தடித்த ஸ்பாஞ்ச் மட்டையோடு இறங்கினார். பந்து பட்ட சத்தமே கேட்காமல் எதிராளிகள் திணறினர்; ஒற்றையர் பட்டம் அவருக்கே. 1959இல்தான் விதி வந்தது: ஸ்பாஞ்சும் மேல்ரப்பரும் பசையும் சேர்த்து 4 மி.மீ. தாண்டக்கூடாது.

அந்த 4 மில்லிமீட்டருக்குள்தான் இத்தனை வித்தை! மெத்தான ஸ்பாஞ்சில் பந்து சற்று அமிழ்ந்து எழுகிறது. லேசாகத் தட்டினாலே வேகமும் சுழற்சியும் வரும். ஓங்கி அடித்தால் ஸ்பாஞ்ச் முழுக்க நசுங்கி, பந்து மரத்தை உணரும், கட்டுப்பாடு போய்விடும். கெட்டி ஸ்பாஞ்ச் அப்படி நசுங்காது. ஆனால் அதை வேலை வாங்கக் கையில் வலு வேண்டும்.

ரப்பர் உறையில் அச்சிட்ட கெட்டித்தன்மை எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சீன அளவில் 40 டிகிரி, ஜெர்மன் அளவில் 47.5ஐவிடக் கெட்டியாகவே இருக்கும், அளவுகோல் வேறு.

தனி ரப்பர் பெரும்பாலும் சீனா, ஜப்பான், ஜெர்மனியிலிருந்துதான் வருகிறது, விலையும் அதிகம். அதனால் புதிதாக ஆடுவோர் ரப்பர் ஒட்டிய மட்டையையே வாங்குகிறார்கள். பழவேற்காடு போன்ற ஏரிக்கரை ஊர்களில் ஈரக்காற்று வேறு. ரப்பரில் நீர்ப்படலம் படிந்தால் பந்து வழுக்கும். ஆட்டத்துக்கு நடுவே உலர்ந்த துணியால் துடைப்பது அங்கே கட்டாயம்.