பேரெழுத்தும் பெயரும்

தமிழ் நெடுங்கணக்கிலே பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லை. மதிப்பைப் புலப்படுத்த வேண்டின் ஆர் விகுதியையோ ‘அவர்கள்’ என்னும் சொல்லையோ சேர்க்கின்றோம். இப்பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதப்புகும் எம் மாணாக்கர், பேரெழுத்தையும் ஒரு மரியாதைக் குறியெனக் கொண்டு மயங்குதல் இயல்பே.

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பழைய மாணவர் ஒருவர், தம் குடும்பக் காணி பற்றிய ஆங்கில விண்ணப்பமொன்றை எம்மிடம் காட்டினார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அக்குடும்பமும் புத்தளம் சென்றது. விண்ணப்பத்திலே செயலாளர், எழுதுவினைஞர், அலுவலகம், திணைக்களம் ஆகிய யாவும் பேரெழுத்தில் தொடங்கின. எருக்கலம்பிட்டி மட்டும் சிற்றெழுத்தில் நின்றது! காரணம் வினவினோம். “அவர்கள் பெரியவர்கள், சேர், ஊர் எங்களுடையதுதானே” என்றார்.

ஆங்கிலப் பேரெழுத்து மதிப்பின் குறியன்று. ஒன்றற்கே உரிய சிறப்புப்பெயரின் குறியாகும். நம் இலக்கணம் கூறும் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் வேறுபாட்டை நினைவிற் கொள்வார்க்கு இஃது எளிது.

கல்வித் திணைக்களம் என முழுப்பெயரை எழுதுங்கால் ‘டிப்பார்ட்மென்ற்’, ‘எடியுக்கேசன்’ ஆகிய இரண்டும் பேரெழுத்துப் பெறும். இடையே நிற்கும் ‘ஒவ்’ பெறாது. ‘இத்திணைக்களம்’, ‘பல திணைக்களங்கள்’ எனப் பொதுவாகச் சுட்டின் சிற்றெழுத்தே தகும்.

பதவிப்பெயர் ஒருவர் பெயருக்கு முன் ஒட்டி நிற்பின் அப்பெயரின் உறுப்பாகும். ஆதலின் ‘பிரெசிடென்ற் லிங்கன்’ என்பதிற் பேரெழுத்து வேண்டும். ‘லிங்கன் அமெரிக்காவின் பிரெசிடென்ற்’ என்னும் பொருள்பட எழுதின் சிற்றெழுத்துப் போதும். சிறப்பினால் வந்த பெயரை இயற்பெயருக்கு முன் வைத்தல் வேண்டுமெனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்தமையும், ஏனாதி, காவிதி முதலிய பட்டங்களை உரையாசிரியர் காட்டியமையும் இங்கே ஒப்புநோக்கத் தக்கன.

சில புறநடைகளும் உள. கடித முகவரியிலும் கையொப்பத்தின் கீழும் பதவிப்பெயர் எவ்விடத்து நிற்பினும் பேரெழுத்துப் பெறும். சட்டங்களும் அலுவலகங்களும் தத்தம் பதவிப்பெயர்களை எங்கும் அவ்வாறெழுதுதல் உண்டு. அது அவற்றின் மரபு. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலே பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பேரெழுத்திலேயே தொடங்கின. 1787ஆம் ஆண்டு எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் இதனைக் காணலாம். ஆங்கிலத்தில் அவ்வழக்கு அருகிவிட்டது. ஜேர்மன் மொழியில் இன்றும் நிலவுகின்றது.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றமையால், தமிழிலே விண்ணப்பிக்கும் உரிமை நமக்குண்டு. ஆங்கிலத்தில் எழுத நேரினும் தாழ்ந்து எழுத வேண்டுவதில்லை, முறையறிந்து எழுதுக. அன்று யாம் அவ்விண்ணப்பத்தைத் திருத்தினோம். பொதுவாய் நின்ற எழுதுவினைஞர் சிற்றெழுத்துப் பெற்றார். ஊர்ப்பெயர் சிறப்புப்பெயராதலின், எருக்கலம்பிட்டி தனக்குரிய பேரெழுத்தைப் பெற்றது.